பழைய வான்படத்தில் தாத்தாவின் தோட்டத்தைத் தேடுவது எப்படி?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். அவருடைய தாத்தா சிங்கப்பூரின் வடக்கே நீ சூன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது குடும்பம் அதே வட்டாரத்தில், ஈசூனில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறது. 1950களில் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த வான்படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதைக் கேள்விப்பட்டு, அந்தப் பகுதிப் படம் ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறார். "ஒரு மணி நேரம் பார்த்தேன். எல்லாம் சாம்பல் திட்டுகளாகத்தான் தெரிகிறது. எது காடு, எது தோட்டம், எது சதுப்பு என்றே புரியவில்லை. இதைப் படிக்க எப்படிக் கற்றுக்கொள்வது?" என்பது அவர் கேள்வி.

மண் ஆய்வு வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். ஓரிடத்தில் கட்டடம் எழும்பும் முன், அங்கே முன்பு ஓடை இருந்ததா, சதுப்பு இருந்ததா, குன்றை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்களா என்று பழைய வான்படங்களைப் பார்த்துச் சொல்வது என் வேலையில் பெரும்பகுதி. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த 1950ஆம் ஆண்டுகளின் படத்தை மூடி வைத்துவிடுங்கள். இன்றைய ஈசூனின் படத்தைக் கூகல் எர்த்தில் திறந்து, உங்கள் புளோக்கைக் கண்டுபிடியுங்கள். வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நீங்கள் தினமும் நடக்கும் வழியை மேலிருந்து விரலால் தொடர்ந்து செல்லுங்கள். கீழ்த்தளம் தெரியாது. பேருந்து நிறுத்தம் மழைமரத்தின் கிளைக்கு அடியில் காணாமல் போயிருக்கும். கூரை போட்ட நடைபாதை மெல்லிய வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து போகும். நீங்கள் பார்த்தே இராத உங்கள் புளோக்கின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். கண் மட்டத்தில் நன்றாகத் தெரிந்த ஒரு பொருள் மேலிருந்து எப்படி இருக்கும் என்பதை இப்படித்தான் மனம் பழகிக்கொள்கிறது. வான்படம் படிப்பதில் பாதி இந்தப் பழக்கம்தான். கால் அறிந்த இடத்தைக் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தால், கால் படாத இடத்தை அது தானாகப் படிக்கத் தொடங்கும். ஒரு வாரம் இதையே செய்யுங்கள். கடை, பள்ளி, பாசார், கால்வாய் என்று ஒவ்வொன்றாக. சந்தேகம் வந்தால் கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள். பழைய படத்தில் அந்த வசதி கிடையாது.

சரி, இப்போது பழைய படத்துக்கு வருவோம்.

நிலத்தைப் பார்க்கும் முன் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து விமானப்படைப் படங்களின் விளிம்பில் பறப்பின் எண், படத்தின் எண், தேதி, பல நேரங்களில் லென்சின் குவியத்தூரமும் (லென்சுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள தூரம்) பறந்த உயரமும்கூட எழுதியிருப்பார்கள். மலாயாவின் அவசரகாலத்தில், அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த போரில், காட்டுக்குள் அவர்களுடைய முகாம்களைத் தேட, சிலேத்தார், தெங்கா விமானத் தளங்களிலிருந்து 81ஆவது ஸ்குவாட்ரன் ஓயாமல் படமெடுத்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் விமானம் கடைசியாகப் பணிக்குப் பறந்ததே 1954 ஏப்ரல் 1 அன்று, சிலேத்தாரிலிருந்து, ஜோகூர்க் காட்டைப் படமெடுக்கத்தான். போருக்காக எடுத்த படங்களின் வரிசையில்தான் நம் தாத்தா பாட்டிகளின் லயங்களும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கோயில்களும் பதிவாகியிருக்கின்றன. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

விளிம்பில் உள்ள எண்கள் எதற்கு என்றால், அளவுக்கு. குவியத்தூரத்தைப் பறந்த உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவுவிகிதம் வந்துவிடும். 152 மில்லிமீட்டர் லென்ஸ், 3,800 மீட்டர் உயரம் என்றால் 1:25,000. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 25 மீட்டர். ஆனால் நீங்கள் பார்ப்பது கணினித் திரையில். பெரிதாக்கினால் சிறிதாக்கினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அதற்கு வேறு வழி இருக்கிறது: நீளம் தெரிந்த ஒரு பொருளைப் படத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். செம்பவாங் கடற்படைத் தளம் உங்கள் படத்தில் விழுந்திருந்தால், அங்கே 1938இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை இருக்கும். கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துப் பழுது பார்க்கும் நீண்ட தொட்டி அது. நீளம் 1,000 அடி, அதாவது 300 மீட்டருக்குச் சற்று மேல். இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அது விழவில்லை என்றால் காற்பந்துத் திடலைத் தேடுங்கள், சுமார் 100 மீட்டர். டென்னிஸ் திடல் இன்னும் நல்லது, ஏனென்றால் அதன் நீளம் எங்கும் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மாறவே மாறாது. இந்த ஒரு வேலையை முதலில் செய்துவிட்டால், குடிசையைத் தொழிற்சாலை என்றும் வாய்க்காலை ஆறு என்றும் நினைக்கும் தவறுகளில் பெரும்பாலானவை வராது.

அடுத்தது வெளிச்சம். புதிதாகப் படிப்பவர்களை ஏமாற்றுவதில் இதற்கு இணை இல்லை. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். படத்தில் நிழல் உங்களை விட்டு விலகி விழுந்தால், குன்று பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் புரண்டு தெரியும். ஒருமுறை அப்படிப் புரண்டுவிட்டால் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் சரியாகாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிழல் உங்கள் பக்கம் விழும்படி படத்தைத் திருப்பிப் பிடியுங்கள். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் நாட்டில் பிற்பகலில் மேகம் திரண்டுவிடும் என்பதால் பெரும்பாலும் காலையில்தான் பறப்பார்கள். காலை நிழல் மேற்கே விழும். ஆகவே படத்தின் மேற்குப் பக்கம் உங்கள் வயிற்றை நோக்கி இருக்கட்டும். வெளிநாட்டுப் பாடநூல்கள் சில, நிழல் வடக்கே விழும் என்று எழுதியிருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே, டிசம்பரில் தெற்கே. நிழலின் சாய்வும் அதற்கேற்ப மாறும். தேதி தெரிந்தால்தான் நிழலை நம்பலாம்.

நிழலைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். மேலிருந்து பார்த்தால் ஒரு தண்ணீர்க் கோபுரம் வெறும் வட்டம். அதன் நிழல்தான் கால்களையும் உயரத்தையும் காட்டும். தென்னையின் தலை நட்சத்திரம் போலத் தெரியும், பக்கத்தில் அதன் நிழல் ஒல்லியான தண்டும் கொண்டையுமாகத் தரையில் படுத்திருக்கும். சமதரையில், ஒரே படத்தில், நிழலின் நீளம் உயரத்துக்கு ஒத்துப்போகும். ஒரு கட்டடத்தின் உயரம் தெரிந்தால் மற்றவற்றை விகிதம் போட்டுச் சொல்லிவிடலாம்.

இனி சாம்பல் திட்டுகள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பலின் கருமை எதைச் சொல்கிறது என்று கேட்டால், ஈரத்தை என்பது என் முதல் பதில். ஈரமண் கருக்கும், காய்ந்த மணல் வெளுக்கும். புதிதாக வெட்டிய செம்மண் சரிவு ஏறக்குறைய வெள்ளையாகவே பளிச்சிடும். ஆனால் கருமையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், தண்ணீர் விஷயத்தில் குறிப்பாக. ஒரே குளம் ஒரு படத்தில் மைபோலக் கறுத்தும், அடுத்த சில விநாடிகளில் எடுத்த பக்கத்துப் படத்தில் தகரம்போல வெளுத்தும் இருக்கும். சூரிய ஒளி நீர்ப்பரப்பில் பட்டு நேரே கேமராவுக்குள் திரும்புவதால் வரும் வேறுபாடு அது. கலங்கிய தண்ணீரும் வெளுக்கும். ஆகவே தண்ணீரை அதன் நிறத்தால் தேடாமல், கரையின் வடிவத்தாலும் பரப்பின் வழுவழுப்பாலும் தேடுங்கள்.

உங்கள் பகுதியில் தண்ணீர் இன்னொரு பாடமும் சொல்லும். ஈசூனில் இருப்பவர் என்பதால் முதலில் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தைத்தான் தேடியிருப்பீர்கள். அது அந்தப் படத்தில் இருக்காது. சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தை அணைபோட்டு அடைத்து அந்த நீர்த்தேக்கம் முடிந்தது 1986இல்தான். 1950களில் அங்கே கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகம்தான் இருந்தது. கரையோரம் சதுப்புநிலக் காடு கருமையாக, மேற்பரப்பு வெட்டிவிட்ட புல்போல மட்டமாக இருக்கும். அதற்குள் சிற்றோடைகள் மரக்கிளைகள் பிரிவதுபோல வளைந்து நெளிந்து நுழையும். இந்த நெளிவு முக்கியம். மட்டமான சேற்றில் கடல் ஓதம் வந்து போகும் இடத்தில்தான் ஓடை இப்படிச் சுருண்டு திரியும். அலை இறங்கிய நேரத்தில் எடுத்த படம் என்றால் முகத்துவாரத்தில் சேற்றுத் திட்டு அகலமாகத் தெரியும். அதே இடம் அலை ஏறிய நேரத்தில் வெறும் தண்ணீர். கரை நகர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சதுப்பின் நடுவே ஒழுங்கற்ற பலகோண வடிவில் வரப்புக் கட்டிய தண்ணீர்ப் பரப்புகள் தெரிந்தால், பெரும்பாலும் இறால் குளங்கள். ஓதத்தோடு வரும் இறாலை மதகு வைத்துப் பிடிப்பார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்த சுங்கை பூலோவும் முன்பு இப்படிப்பட்ட குளங்களாக இருந்த இடம்தான். அங்கே போனால் அந்தப் பழைய வரப்புகளை இன்றும் காலால் மிதித்துப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள், படத்தில் உள்ள கோடு தரையில் எவ்வளவு அகலம் என்று புரியும்.

நீங்கள் உண்மையில் தேடும் பொருள் தோட்டம். அதாவது பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரம். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இயற்கைக் காட்டை முதலில் பழகுங்கள். புக்கிட் தீமாவின் உச்சிப் பகுதியை எந்த ஆண்டுப் படத்திலும் எடுத்துப் பாருங்கள். காலிஃபிளவரைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். பெரிய தலை, சிறிய தலை, நடுவே ஒன்று எல்லாவற்றையும் தாண்டி நிமிர்ந்து நின்று தன் நிழலைப் பக்கத்து மரங்கள்மேல் போட்டிருக்கும். பரப்பு முரடாக இருக்கும். அடுத்து, வெட்டி விட்டபின் தானாக வளர்ந்த புதர்க்காடு. அதற்குப் பரப்பு நுண்மையாக, திட்டுத் திட்டாக, ஓரங்கள் மங்கலாக இருக்கும். தோல் பதனிட உதவும் காம்பீர்ச் செடியும் மிளகும் பயிரிட்டுக் கைவிட்ட பழைய நிலங்களில் லாலாங் புல் படர்ந்திருக்கும். அது வெளிர்சாம்பலாக, துணி விரித்ததுபோல இருக்கும்.

பால்மரத் தோட்டம் இந்த மூன்றிலும் சேராது. எல்லா மரமும் ஒரே வயது, ஒரே உயரம். ஆகவே பரப்பு ஒரே சீராக, கம்பளிபோல இருக்கும். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் முடியும், ஏனென்றால் அது சொத்தின் எல்லை. இளங்கன்றுத் தோட்டம் என்றால் நிரைகள் தெரியும். நிரை என்ற சொல்லை உங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுத்துத்தானே பால் வெட்டச் சொன்னார்கள். மரத்துக்கு மரம் சுமார் 6 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 1:10,000 படத்தில் அது 0.6 மில்லிமீட்டர். பூதக்கண்ணாடியில் புள்ளிக் கோலம்போல எண்ணலாம். 1:25,000 படத்தில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அப்போது நிரை தெரியாது, ஒரு மெல்லிய நெசவு மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படும். மரம் முதிர்ந்து கிளைகள் கூடிவிட்டால் அந்த நெசவும் மங்கும். சரிவான இடத்தில் நிரைகள் நேராக ஓடாது, குன்றைச் சுற்றிப் படிப்படியாக வளையும். அந்த வளைவைப் பின்தொடர்ந்தால் குன்றின் உருவமே கிடைத்துவிடும்.

இங்கேதான் தேதி மறுபடி வருகிறது. பால்மரம் ஆண்டின் தொடக்கத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில் இலை உதிர்க்கும். அந்தச் சமயத்தில் எடுத்த படத்தில் தோட்டம் வெளுத்து, மொட்டையாக, தரையின் ஒற்றையடிப் பாதைகள்கூடத் தெரியும்படி இருக்கும். பக்கத்து வரிசைப் படம் ஜூலையில் எடுத்தது என்றால் அதே தோட்டம் கருமையாக அடர்ந்திருக்கும். இரண்டு வெவ்வேறு பயிர் என்று எழுதிவிட ஆசை வரும். எழுதாதீர்கள். தோட்டத்துப் பாதைகளைத் தேடுவதற்கு எனக்கு இலை உதிர்ந்த மாதத்துப் படம்தான் பிடிக்கும்.

மற்றப் பயிர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னை, மேலே சொன்ன நட்சத்திரம், பெரும்பாலும் கடற்கரை மணலில். காய்கறித் தோட்டம் சீப்பின் பற்கள்போலப் பாத்திகளாக, நடுவே சிறு குளத்தோடும் பன்றிக் கொட்டகையோடும் ஓடையோரத் தாழ்நிலத்தில். சீனர்களின் இடுகாடு குன்றுச் சரிவில், லாட வடிவக் கல்லறைகள் மீன் செதில்போல அடுக்கடுக்காக. புக்கிட் பிரவுனில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். குன்றின் உச்சி, சரிவு, பள்ளம், கடலோரம் என எது எங்கே இருக்கிறது என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

தோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது பால்மரம்தான் என்பதற்கு மரத்தைவிடப் பெரிய சாட்சி, சுற்றி இருப்பவை. மேட்டின் உச்சியில் தனியாக ஒரு பெரிய கூரை, அதற்கு வளைந்து ஏறும் ஒரு வண்டிப்பாதை, சுற்றிலும் வெட்டிவிட்ட புல்தரை என்றால் தோட்ட மேலாளரின் துரை பங்களா. கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில், நீளமாகவும் ஒடுக்கமாகவும் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கியதுபோல ஒன்றுக்கொன்று இணையான கூரைகள் இருந்தால் லயம். லயத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே தேய்ந்து வெளுத்த தரை இருக்கும். காலையில் பெயர்ப் பதிவுக்குக் கூடிய இடம், பிள்ளைகள் விளையாடிய இடம், எத்தனையோ கால்கள் மிதித்துப் புல் முளைக்காத இடம் அது. அதன் ஓரத்தில் ஒற்றைப் பெரிய மரமும், அதன் நிழலில் பாதி மறைந்த சிறு கூரையும் இருந்தால் கோயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பத்து வீடுகள், அதாவது கிராமத்து வீடுகள், இப்படி இருக்காது. அவை சிதறி இருக்கும், ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்கு ஒரு பக்கம் பார்த்தபடி. அத்தாப்பு ஓலைக் கூரை மங்கலாக, தகரக் கூரை பளீரென்று.

இதற்கு ஓர் எல்லை உண்டு. கூரைதான் தெரியும், கூரைக்குக் கீழே என்ன நடந்தது என்பது தெரியாது. லயத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்தச் சிறு கட்டடம் கள்ளுக்கடையா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமா, பள்ளிக்கூடமா என்று எந்தப் பூதக்கண்ணாடியாலும் சொல்ல முடியாது.

உயரத்தைக் கண்ணால் பார்ப்பது பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. வான்படம் எடுக்கும்போது அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே நிலம் ஏறக்குறைய 60 விழுக்காடு இரண்டிலும் விழும்படி எடுப்பார்கள். நம் இரண்டு கண்களும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு காட்சிகளைப் பார்த்து ஆழத்தை உணர்வதுபோல, விமானம் பல நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு காட்சிகளை எடுத்துக் கொடுக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடி வழியாக இடக்கண்ணுக்கு இடப்படம், வலக்கண்ணுக்கு வலப்படம் என்று பார்த்தால் நிலம் திடீரென்று எழுந்து நிற்கும். மேடு பள்ளம் உண்மையைவிட மிகையாகவே தெரியும். அது நமக்கு நல்லது, ஏனென்றால் சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமே 163 மீட்டர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. தீவின் கிழக்குப் பக்கம் ஒரு மனையைப் பழைய படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். மனையின் குறுக்கே கருமையான ஒரு பட்டை வளைந்து போனது. வேலியோர மரவரிசை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒற்றைப் படத்தை மட்டும் பார்த்ததால் வந்த பிழை. எங்கள் அலுவலகத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன், ஜோடிப் படத்தைக் கண்ணாடிக்குக் கீழே சரிசெய்து வைத்து, "இப்போது பார், அது மேலே நிற்கிறதா, கீழே கிடக்கிறதா?" என்று கேட்டார். பார்த்தேன். மரவரிசை என்றால் தரையைவிட எழும்பி நிற்க வேண்டும். அந்தப் பட்டை இரண்டு பக்கத்துத் தரையைவிடவும் தாழ்ந்து கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு சதுப்பு ஓடை அது, பிற்காலத்தில் மண் கொட்டி மூடியிருக்கிறார்கள். அங்கே மண்ணைச் சோதிக்க இரண்டு துளை கூடுதலாகப் போடச் சொன்னார். மேலே நிரப்பிய மண், அதற்குக் கீழே விரல் வைத்தால் அமுங்கும் சாம்பல் நிறக் களிமண் வந்தது. தெரியாமல் அதன்மேல் கட்டியிருந்தால் தளம் இறங்கியிருக்கும். அன்றிலிருந்து ஒரு பெயரை எழுதும்போது அதன் பக்கத்திலேயே இரண்டு காரணம் எழுதாமல் நான் விட்டதில்லை. கருமை ஒரு காரணம், தாழ்ந்திருப்பது இன்னொன்று. ஒரு காரணம் மட்டும் இருந்தால் அது ஊகம்தான்.

இன்றைய படத்தையும் பழைய படத்தையும் ஒப்பிடும்போது வரும் சில குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் நிலம் நிற்பதில்லை. சுதந்திரம் அடைந்தபோது சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கடற்கரை நேர்கோட்டில் ஓடினால் அது மனிதன் போட்ட கோடு என்றே முதலில் நினையுங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் அலைதடுப்புக் கற்களுக்கு நடுவே பிறைபிறையாக வளைந்திருக்கும் மணல்கரையும் 1966இல் தொடங்கிய நிலமீட்பில் உருவானதுதான். அதற்கு மண் கொடுத்த பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளைப் பழைய படத்தில் மட்டுமே பார்க்க முடியும். நெளிந்த ஓடை பழையது, நேரான கால்வாய் புதியது என்ற விதி பெரும்பாலும் சரி. ஆனால் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் அது தலைகீழ். அங்கே நேராக ஓடிய சிமென்ட் கால்வாயை உடைத்து, 2012இல் காலாங் ஆற்றை மறுபடி நெளிய விட்டார்கள். இன்னொன்று, உயரமான புளோக்குகள் படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். மேல்மாடி இருக்கும் இடத்தை அடித்தளம் இருக்கும் இடமாக எடுத்துக்கொண்டால் பத்து இருபது மீட்டர் தவறிவிடும். குன்றும் அப்படித்தான் நகரும், சற்றுக் குறைவாக.

ஒப்பிடுவதற்கு நங்கூரம் வேண்டும். வீடு போய்விடும், மரம் போய்விடும், சாலை அவ்வளவு சீக்கிரம் போகாது. உங்கள் படத்தில் மண்டாய் சாலையும் செம்பவாங் சாலையும் கூடும் சந்திப்பைத் தேடுங்கள். பழைய நீ சூன் கிராமம் அங்கேதான் இருந்தது. சாலையின் இருபுறமும் கடைவீட்டுக் கூரைகள் ஒட்டி ஒட்டி நிற்கும். கிழக்கே சிலேத்தார் விமானத் தளத்தின் ஓடுபாதை, வடக்கே கடற்படைத் தளத்தின் உலர்துறை. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் இன்றைய வரைபடத்தை அதன்மேல் மனத்தளவில் பொருத்திவிடலாம்.

வேலை செய்யும் முறை இப்படி இருக்கட்டும். படத்தைப் பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் தாளை ஒட்டுங்கள். முதல் அரைமணி நேரம் எதற்கும் பெயர் வைக்காதீர்கள். தண்ணீரை மட்டும் வரையுங்கள், ஓடை, கழிமுகம், குளம். அப்புறம் சாலையும் பாதையும். அப்புறம் பரப்பு மாறும் எல்லைகள். கம்பளி எங்கே முடிகிறது, முரடு எங்கே தொடங்குகிறது என்று கோடு மட்டும். அதற்குப் பிறகுதான் பெயர். உறுதியாகத் தெரிந்ததைக் கறுப்பிலும், அநேகமாக என்பதை நீலத்திலும், ஊகத்தைச் சிவப்பிலும் எழுதுங்கள். முதல் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதே பறப்பின் முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் உள்ள படங்களையும் தேடி எடுத்துவிடுங்கள், ஜோடி இல்லாமல் உயரம் கிடைக்காது.

நீலமும் சிவப்பும் ஓரளவு கறுப்பானதும் அந்தத் தாளைத் தாத்தாவிடம் கொண்டுபோங்கள். அவர் இருக்கும்போதே செய்யுங்கள். மேசைமேல் விரித்து, கிராமத்துச் சந்திப்பை மட்டும் காட்டிவிட்டு, விரலை அங்கே வைக்கச் சொல்லுங்கள். "இது லயமா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். "கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு எப்படித் திரும்புவீர்கள்?" என்று கேளுங்கள். மேலிருந்து அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, ஆனால் நடந்த வழி நினைவில் இருக்கும். எங்கே திரும்பினார், எங்கே ஓடையைத் தாண்டினார், பாலம் பலகையா கல்லா, கோயில் வலக்கையா இடக்கையா என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் பென்சிலால் பின்தொடருங்கள். விரல் தயங்கி நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மறுநாள் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.